36க்கு 24

நாள் முழுக்க வங்கியில் எண்களோடு குப்பை கொட்டுகிறவன் இங்கேயும் எண்களோடு வந்துவிட்டானே என்று கோபிக்காதீர்கள். இவை கேமரா எண்கள். நான் கணக்குத் தப்பிய கதையும்கூட.

2005 தீபாவளிக்கு ஊரிலிருந்து அப்பா, அம்மா, அண்ணன் குடும்பம், அத்தை எல்லோரும் நாக்பூர் வந்திருந்தார்கள். எங்களோடு சேர்த்துப் பதினோரு பேர். குவார்ட்டர்ஸ் ஹாலில் வரிசையாக நிற்கவைத்து, நண்பரிடம் இரவல் வாங்கிய டிஜிட்டல் எஸ்.எல்.ஆரில் என் பழைய 28 மி.மீ. லென்ஸை மாட்டிப் பார்த்தால், ஓரத்தில் நின்ற அத்தையும் அண்ணன் மகனும் படத்திலேயே இல்லை! பின்னால் நகர இடமில்லை, சுவர். கடைசியில் பழைய ஃபிலிம் கேமராவை எடுத்தேன். அதே லென்ஸ், பதினோரு பேரும் அடங்கினார்கள்.

காரணம் புரிய நூறு வருஷம் பின்னால் போகவேண்டும். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக், சினிமா ஃபிலிமைப் படுக்கைவாக்கில் ஓடவிட்டு, 18க்கு 24 மி.மீ. என்ற சினிமா ஃபிரேமை இரட்டிப்பாக்கினார். அப்படி வந்ததுதான் 36க்கு 24. 1925-ல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தது. பின்னாளில் உலகமே அந்த அளவுக்கு லென்ஸ் செய்தது.

1999-ல் வந்த நிக்கான் டி1-ன் சென்சாரோ 23.7க்கு 15.6 மி.மீ.தான். பரப்பில் பாதிகூட இல்லை. லென்ஸ் தரும் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். அதனால் 28 மி.மீ. லென்ஸ் 42 மி.மீ. போல நடந்துகொள்ளும். அத்தை காணாமல் போனது இப்படித்தான்.

பெரிதாகவே செய்திருக்கலாமே? விலை! சிலிக்கான் தகட்டில் ஒரு குறை விழுந்தால் அந்த சென்சார் முழுதும் வீண். எங்கள் பாஷையில் சொன்னால், நூறு பேருக்குச் சிறுகடன் கொடுத்து இரண்டு வாராக்கடன் ஆனால் சமாளிக்கலாம். அதே பணத்தை நாலு பேருக்குக் கொடுத்து ஒருவர் கைவிரித்தால் மேலாளருக்குத் தூக்கம் போச்சு. பென்டாக்ஸ் தன் முழு அளவு கேமராவை 2001-ல் பாதியில் கைவிட்டது. 2002-ல் வந்த கேனன் 1டிஎஸ் சுமார் 8000 டாலர். சிறிய சென்சார் வைத்த கேனன் 300டி-யோ 2003-ல் ஆயிரம் டாலருக்குள் கிடைத்தது.

உடனே இரண்டு கட்சி. அதிக வெளிச்சம் வாங்கும் பெரிய சென்சாருக்குத்தான் எதிர்காலம் என்றது ஒன்று. புது லென்ஸ்கள் செய்தால் சிறியதே போதும் என்றது மற்றது. ஒலிம்பஸ் 2003-ல் 17.3க்கு 13 மி.மீ. சென்சாரோடு இ-1 கொண்டுவந்தது. கேனன் 2005-ல் 5டி-யில் முழு அளவின் விலையைக் குறைத்தது. நிக்கானும் 2007-ல் டி3-யில் முழு அளவுக்கு வந்தது.

நான் பெரிய கட்சி. 'வாங்கினால் முழு அளவு, விலை குறையட்டும்' என்று காத்திருந்தேன். அதற்குள் ஃபிலிம் கழுவும் கடையும் மூடிவிட்டது.

கடைசியில் ஜெயித்தது யார்? இருவரும் பிழைத்தார்கள்; போனது கண்ணாடி! ஃபிலிம் தன்மேல் விழும் காட்சியை நமக்குக் காட்டாது. அதனால்தான் கண்ணாடி வைத்து வ்யூஃபைண்டருக்குத் திருப்பினார்கள். சென்சார் அதைத் தானே காட்டும்போது கண்ணாடி எதற்கு? 2008-ல் பானசோனிக் ஜி1, 2013-ல் சோனியின் முழு அளவு ஏ7 என்று கண்ணாடியில்லாக் கேமராக்கள் வந்தன. 2020-க்குப் பிறகு கேனனும் நிக்கானும் புதிதாக எஸ்.எல்.ஆர். எதையும் கொண்டுவரவில்லை. அளவைப் பற்றி அத்தனை சண்டை போட்ட நாங்கள் கண்ணாடியைக் கவனிக்கவே இல்லை.

2014-ல் ஒருவழியாக முழு அளவு கேமரா வாங்கினேன். அதே 28 மி.மீ. லென்ஸில் ஹால் முழுதும் அடங்குகிறது. ஆனால் அப்பா 2010-லேயே போய்விட்டார். அந்தத் தீபாவளிக்குப் பிறகு நான் அவரை எடுத்த படங்கள் மொத்தம் நாலு. அவையும் செல்போனில் எடுத்தவை.

எந்தக் கேமரா வாங்கலாம் என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். அடுத்த முறை ஊருக்குப் போவதற்குள் எது கைக்கு வருமோ அதை வாங்குங்கள் என்கிறேன்.