நரம்பை வளர்க்கும் பொருள்

கோழி அடைகாத்தால் 21 நாட்களில் குஞ்சு வெளிவரும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்நாட்களில், ஓட்டினுள்ளே, ஒரு நரம்பு எவ்வாறு வழி கண்டு சிறகுக்கும் காலுக்கும் போய்ச் சேருகிறது? இவ்வினாவின் பின்னே சென்ற ஒருவரின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

ரீத்தா லெவி-மொண்டால்சினி என்பது அவர் பெயர். 1909-இல் இத்தாலியின் தூரின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவம் பயின்று, ஜுசெப்பே லெவி என்னும் பேராசிரியரிடம் நரம்பாராய்ச்சி கற்றார். 1938-இல் முசோலினியின் அரசு இயற்றிய இனச் சட்டங்கள், மாணவி, ஆசிரியர் ஆகிய இருவருக்குமே பல்கலைக் கழகத்தின் கதவை அடைத்துவிட்டன. அம்மையார் சோர்ந்திருந்தாரில்லை. தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கத்திகளாக்கிக்கொண்டார். பின்னர் லெவியும் அங்கு வந்து சேர்ந்தார். ஆசிரியர் மாணவிக்கு உதவியாளரான காட்சியை நினைத்துப் பாருங்கள்!

அமெரிக்காவில் விக்டர் ஹாம்பர்கர் என்பவர் 1934-இல் ஒரு சோதனையை வெளியிட்டிருந்தார். கோழிக் கருவில் சிறகு முளைக்கும் மொட்டை அகற்றினால், அச்சிறகுக்குரிய நரம்பணுக்கள் குறைந்துபோகின்றன. மொட்டிலிருந்து வரும் ஏதோ ஒரு தூண்டுதல் இன்மையால் அவ்வணுக்கள் உருவாகவே இல்லை என்று அவர் கருதினார். அம்மையார் அதே சோதனையைச் செய்து, கருவை நாள்தோறும் ஆராய்ந்தார். அணுக்கள் உருவாகத்தான் செய்தன, இழைகளையும் நீட்டின, சேருமிடம் இல்லாமையால் பின்னர் மாண்டன. பிறக்கவில்லை என்பதும், பிறந்து மாண்டன என்பதும் ஒன்றாகுமா? இலக்கிலிருந்து கிடைப்பது பிறப்பிக்கும் ஆணையன்று, உயிர் காக்கும் உணவு போன்றதொன்று என்னும் கருத்து இங்கேதான் வித்திட்டது.

தூரின் மீது குண்டுகள் விழவே, 1942-இல் குடும்பம் நாட்டுப்புறத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே முட்டைக்காக அவர் பண்ணை பண்ணையாக அலைந்தார். கருவை எடுத்த பின் எஞ்சியதை வீட்டார் சமைத்து உண்டனர். போர்க்காலத்தில் முட்டையை வீசியெறிய யாருக்கு மனம் வரும்? 1943-இல் ஜெர்மானியர் நுழைந்ததும், பிளாரென்ஸ் நகரில் பொய்ப்பெயருடன் மறைந்து வாழ நேர்ந்தது.

போர் முடிந்தபின் அவர் கட்டுரையைப் படித்த ஹாம்பர்கர், தம் கருத்தை மறுத்தவரையே செயின்ட் லூயிஸ் நகருக்கு அழைத்தார். 1947-இல் சில மாதங்களுக்கெனச் சென்றவர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். சோதனையை இருவரும் சேர்ந்து மீண்டும் செய்தபோது அம்மையார் கூற்றே மெய்யாயிற்று. ஹாம்பர்கர் அதை ஒப்புக்கொண்டார்.

எலியின் புற்றுக்கட்டி ஒன்றைக் கோழிக் கருவில் ஒட்டினால் நரம்புகள் அதனுள் பாய்ந்து செல்வதை, ஹாம்பர்கரின் பழைய மாணவரான பியூக்கர் 1948-இல் கண்டிருந்தார். கட்டியிலிருந்து ஏதோ கசிகிறது என்று ஐயுற்ற அம்மையார், 1952-இல் கட்டியுடைய இரண்டு எலிகளை எடுத்துக்கொண்டு ரியோ டி ஜெனிரோவுக்கு விமானமேறினார். அங்கே கண்ணாடிக் கலத்தில் நரம்பு முடிச்சைக் கட்டியின் அருகில் வைத்தார். ஒரு நாள் செல்வதற்குள் கதிரவனைச் சூழ்ந்த கதிர்களைப்போல் இழைகள் விரிந்தன!

அப்பொருளைப் பிரித்தெடுக்க 1953-இல் ஸ்டான்லி கோஹன் என்னும் வேதியியலார் வந்து சேர்ந்தார். அது புரதந்தானா, நியூக்ளிக் அமிலமா என்று தெளிவதற்காக, நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் பாம்பு நஞ்சைச் சிறிது கலந்தார். நரம்பு குறையவில்லை, முன்னிலும் மிகுதியாக வளர்ந்தது. நஞ்சிலேயே அப்பொருள் கட்டியைக் காட்டிலும் செறிந்திருந்தது! நஞ்சுப்பை உமிழ்நீர்ச் சுரப்பியின் இனம் அல்லவா? எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சோதித்தனர். அங்கே அது குவிந்து கிடந்தது. பின்னர் அப்புரதத்தை முறியடிக்கும் எதிர்ச்சீரத்தைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் பரிவு நரம்பு முடிச்சுகள் பெரும்பாலும் அழிந்துபோயின. இனி ஐயத்திற்கு இடமேது?

உடல் தேவைக்கு மேற்பட்ட நரம்பணுக்களைப் படைக்கிறது. இலக்கை அடைந்து அங்குச் சிறிதளவே சுரக்கும் புரதத்தைப் பெற்றவை வாழ்கின்றன, பெறாதவை மடிகின்றன. 1971-இல் இப்புரதத்தின் அமினோ அமில வரிசை தெளிவாயிற்று. ஒரு சங்கிலியில் 118 அமிலங்கள். ஆயினும் இது உணர்ச்சி நரம்புகளுக்கும் பரிவு நரம்புகளுக்குமே முதன்மையானது. 1982-இல் ஜெர்மனியில் பன்றியின் மூளையிலிருந்து இதன் உறவுப் புரதமொன்று பிரித்தெடுக்கப்பட்டது.

1986-இல் நோபல் பரிசு அம்மையாருக்கும் கோஹனுக்கும் வழங்கப்பட்டது. ஹாம்பர்கருக்கு அதில் பங்கில்லை. இது முறையன்று என்று அன்றே பலர் கருதினர். நானும் அவர்கள் பக்கமே. முதல் வினாவை எழுப்பியவரும், தம் பிழையைத் திருத்தியவரைக் கடல் கடந்து வரவழைத்தவரும் அவரே. அப்போது அவருக்கு வயது 86.