கருத்தடை ஊசியும் ஒழுங்கற்ற உதிரப்போக்கும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

இந்தியக் குடும்பநலத் திட்டத்தின் வரலாற்றை எழுதுவோர், நெருக்கடி நிலைக் காலத்தின் கட்டாயக் கருத்தடை அறுவைகளைப் பற்றி விரிவாகவே எழுதியுள்ளனர். கருத்தடை ஊசிகளைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த வழக்காடல் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. மருத்துவ ஏடுகள் ‘பக்கவிளைவு’ என்று ஒரு வரியில் கடந்துவிடும் ஒழுங்கற்ற உதிரப்போக்கு, அவ்வழக்காடலின் முக்கியக் கேள்விகளுள் ஒன்றாக இருந்தது.

முதலில் உடலியலைச் சொல்லிவிடுகிறேன். டி.எம்.பி.ஏ., நெட்-என் ஆகிய இரண்டும் புரோஜெஸ்டின் வகை ஹார்மோன் ஊசிகள். முன்னது மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னது இரண்டு மாதங்களுக்கு ஒருமுறையும் போடப்படுகின்றன. ஈஸ்ட்ரோஜன் துணையின்றிப் புரோஜெஸ்டின் மட்டும் தொடர்ந்து செயல்படும்போது கருப்பையின் உட்சவ்வு மெலிகிறது. அதன் நுண்ணிய இரத்தக் குழாய்கள் எளிதில் உடைகின்றன. அதனால் தொடக்க மாதங்களில் எதிர்பாராத நாள்களில் உதிரம் படும். சிலருக்கு அது பல நாள்கள் நீடிக்கும். ஓராண்டுக்குப் பின், டி.எம்.பி.ஏ. பயன்படுத்துவோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மாதவிலக்கே நின்றுவிடுகிறது. மாத்திரையை வேண்டாமென்றால் மறுநாளே நிறுத்தலாம். உடலில் செலுத்திய ஊசிமருந்தைத் திரும்ப எடுக்க இயலாது.

இம்மாற்றத்தைப் பெண்கள் எவ்வாறு எதிர்கொள்வர் என்ற கேள்வி புதியதன்று. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட 10 நாடுகளில் மேற்கொண்டு 1981இல் வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலான பெண்கள் தம் மாதவிலக்கின் ஒழுங்கு மாறுவதை விரும்பவில்லை என்று காட்டியது. அதன்பின் 90 நாள் நாட்குறிப்பைக் கொண்டு உதிரப்போக்கை வகைப்படுத்தும் முறை ஆய்வுகளில் நிலைபெற்றது. எத்தனை நாள்கள் உதிரம் பட்டது என்பதை அம்முறை துல்லியமாகக் கணக்கிடும். அந்நாள்களில் அப்பெண் சமையலறைக்குள் நுழைந்தாளா, வழிபாட்டிற்குச் சென்றாளா, வயல்வேலையில் மாற்றுத்துணிக்கு என்ன செய்தாள் என்பதை அது பதிவு செய்வதில்லை.

இப்பின்னணியில்தான் 1985ஆம் ஆண்டின் நிகழ்வைக் காண வேண்டும். ஐதராபாத்தை அடுத்த படான்செருவில் நெட்-என் ஊசிக்கான முகாம் ஒன்று நடைபெற்றது. ஸ்த்ரீ சக்தி சங்கடனா அமைப்பினர் அங்குச் சென்று, போடப்படுவது ஆய்வு நிலையிலுள்ள மருந்து என்பதையும் அதன் விளைவுகளையும் கூடியிருந்த பெண்களிடம் விளக்கினர். கேட்டவர்களில் பலர் ஊசி வேண்டாமென்று திரும்பிச் சென்றனர். விளக்கம் கிடைத்ததும் முடிவு மாறியது என்றால், அதற்கு முன்னர் அவர்கள் அளித்த இசைவின் தன்மை யாது? 1986இல் ஸ்த்ரீ சக்தி சங்கடனா, சஹேலி முதலிய அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் மையக் கேள்விகளுள் இதுவும் ஒன்று.

அவ்வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 1993இல் டி.எம்.பி.ஏ. தனியார் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. நெட்-என் ஊசியைப் பெருந்திரள் திட்டத்தில் பயன்படுத்துவதில்லை என்ற அரசின் நிலைப்பாட்டோடு வழக்கு 2000இல் முடிவுற்றது. 2015இல் நிலைப்பாடு மாறியது. பெண்கள் அமைப்புகள் மீண்டும் எதிர்ப்புத் தெரிவித்தன. ஆயினும் 2017இல் டி.எம்.பி.ஏ. ‘அந்தரா’ என்ற பெயரில் அரசுத் திட்டத்திற்குள் வந்தது.

எதிர்த்தரப்பின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் அறுவை முறையையே நம்பியுள்ளனர். பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட விரும்பும் இளம்பெண்ணுக்கு மீளத்தக்க முறைகள் தேவை. கணவரும் மாமியாரும் அறியாமல் பயன்படுத்தலாம் என்பது ஊசிக்கு ஆதரவாகக் கூறப்படும் ஒரு காரணம். ஆனால் விலக்கு நாள்களை வீடே கணக்கு வைத்திருக்கும் சூழலில், அந்த மறைவை முதலில் குலைப்பது ஒழுங்கற்ற உதிரப்போக்குதான். அதே ஆய்வின்படி 15–49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. நீடித்த உதிரப்போக்கு அவர்களை மேலும் நலிவுறச் செய்யலாம்; விலக்கு நின்றுவிட்டால் மாறாக நன்மையும் விளையலாம். ஒருவருக்கு இவற்றுள் எது நேரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவேதான் முன்விளக்கமும் தொடர்கவனிப்பும் சிகிச்சையின் பகுதியாகின்றன. முன்னரே விளக்கம் பெற்ற பெண்கள் ஊசியைக் கைவிடுவது குறைவு என்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன.

ஊசி நல்லதா, தீயதா என்று தீர்ப்புரைப்பது என் நோக்கமன்று. ஊசியைப் பாதியில் நிறுத்திய பெண்கள் நமது ஆவணங்களில் ‘இடைவிலகியோர்’ என்ற தலைப்பின் கீழ் வெறும் எண்களாக உள்ளனர். ஏன் விலகினர் என்பதை அவர்கள் வாய்மொழியிலேயே கேட்டுப் பதிவு செய்யும் பணி பெருமளவு எஞ்சியுள்ளது. மருத்துவ வரலாற்றைப் பயிலும் மாணவர்கள் ஆய்வுத்தலைப்புத் தேடும்போது இதையும் கருத வேண்டும். 1980களின் முகாம்களுக்குச் சென்ற பெண்கள் இன்று முதுமையில் இருப்பதால், அப்பணிக்கான காலமும் குறுகி வருகிறது.