பாலைவனத்துக் கூலும் பகடையாட்டப் பூதமும்

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் ஆகிய இருவரின் ஆக்கமாக ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ எனும் பாத்திரமேற்று ஆடும் பகடை விளையாட்டு வெளிவந்தது. அதன் பூதப் பட்டியலில் ஜின், இஃப்ரீத், கூல் ஆகிய அரபுப் பெயர்கள் இடம்பெற்றன. அவற்றுள் கூல் என்பது, தீண்டியவரைச் செயலிழக்கச் செய்யும் நடைபிணம். இவ்வுருவம் அரபு மரபுக்கு உரியதுதானா என ஆராய்வது தகும்.

‘ஃகால’ எனும் அரபு வினைக்கு, அறியாதிருக்கையில் பற்றி அழித்தல் என்பது பொருள். வஞ்சகமாகக் கொல்வதைக் குறிக்கும் ‘இஃக்தியால்’ எனும் சொல்லும் இவ்வேரில் பிறந்ததே. ஜாஹிலிய்யாக் கால அரபிகள், பாலையில் தனித்துச் செல்வோரை வழிதவறச் செய்யும் உருமாறியையே கூல் என்றனர். கவிஞர் தஅப்பத ஷர்ரன் தாம் அதனைக் கொன்றதாகப் பாடியுள்ளார். அது எவ்வுருவம் எடுப்பினும் அதன் கழுதைக் குளம்பு மட்டும் மாறாது என்ற நம்பிக்கையை வரலாற்றாசிரியர் மஸ்ஊதி (மறைவு 956) பதிவு செய்கிறார்.

‘கூல் இல்லை’ என்னும் கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. உருமாறி வழிகெடுக்கும் ஆற்றல் அதற்குண்டு என்ற நம்பிக்கையே இங்கு மறுக்கப்படுகிறது என அறிஞர் சிலர் விளக்குவதை இமாம் நவவீ (ரஹ்) எடுத்துரைக்கிறார்கள்.

அப்படியாயின் கல்லறை எங்கிருந்து வந்தது? 1704 முதல் 1717 வரை ‘ஆயிரத்தோர் இரவுக’ளைப் பிரெஞ்சில் வெளியிட்ட அந்துவான் கலான், ஸீதி நுஃமான் கதையையும் அதில் சேர்த்தார். இரவில் கல்லறைக்குச் சென்று கூலுடன் பிணம் உண்ணும் மனைவியைப் பற்றிய கதை அது. கலானிடமிருந்த பழைய அரபுக் கையெழுத்துப் பிரதியில் அக்கதை இல்லை. பின்னர் பெக்ஃபோர்டின் ‘வாதெக்’ (1786) புதினத்திலும், 1927இல் அச்சான லவ்கிராஃப்டின் சிறுகதையிலும் பிணந்தின்னியே நிலைபெற்றது. விளையாட்டு பெற்றுக்கொண்டது இவ்வுருவத்தையே.

ஜின்னின் நிலையும் இதுவே. அவ்விளையாட்டின் 1977ஆம் ஆண்டுப் பூத நூல் ஜின்னைக் காற்றுலகிலும் இஃப்ரீத்தை நெருப்புலகிலும் பிரித்து வைக்கிறது. திருக்குர்ஆனோ ஜின்கள் நெருப்பால் படைக்கப்பட்டோர் என்கிறது (55:15). இஃப்ரீத்தை ஜின்களில் ஒருவராகவே குறிப்பிடுகிறது (27:39). அவர்கள் நன்மை தீமைக்குப் பொறுப்பாளிகள். பகடையில் வெல்லப்பட வேண்டிய பூதங்கள் அல்லர்.

கற்பனைக்கு எல்லை வகுப்பது நம் நோக்கமன்று. ஆயினும் பிறர் புனைந்த உருவத்தை நம் மரபென்று நம் பிள்ளைகளே நம்பிவிடாதிருக்க, மூல நூல்களை அவர்கள் கைகளில் சேர்ப்பது நம் கடமையாகும்.