உழைத்துக்கொண்டே படித்தவர்களின் வரலாறு



தோட்டத்தில் பிறந்த பிள்ளை வணிகத் துறையில் பட்டம் பெற்றுப் பட்டணத்தில் வேலைக்கு அமர்கிறான். ஈராண்டு கழித்து, "வேலையை விடாமல் மேலே படிக்கப் போகிறேன்" என்கிறான். "பட்டந்தான் வாங்கியாச்சே, இன்னும் என்னய்யா படிப்பு? வேலைக்குப் போகிறவனுக்கு அதற்கு நேரம் ஏது?" என்று நாம் கேட்கிறோம். இந்தக் கேள்விகளுக்கு வரலாற்றில் விடை உண்டு. அதனைச் சற்றுக் காண்போம்.

உழைப்பவன் படிப்பதற்கு மூன்று தடைகள் இருந்தன. முதல் தடை நேரம். 1800-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பர்க்பெக் என்னும் மருத்துவர், தொழிலாளர்களுக்கு இலவசமாக அறிவியல் விரிவுரைகள் நடத்தத் தொடங்கினார். 1823-இல் லண்டனில் அவர் முன்னின்று தொழிலாளர் கல்விக் கழகம் நிறுவப்பட்டது. பகலில் பட்டறையில் நின்றவர்கள் மாலையில் அங்கே பாடம் கேட்டனர். 1830-இல் பெண்களும் சேர்க்கப்பட்டனர். அக்கழகமே இன்று பர்க்பெக் என்னும் பெயரில் லண்டன் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக விளங்குகிறது.

இரண்டாவது தடை தூரம். 1840-இல் இங்கிலாந்தில் கடிதக் கட்டணம் ஒரு பென்னியாகக் குறைந்தது. ஐசக் பிட்மன் உடனே சுருக்கெழுத்தைத் தபால் மூலம் கற்பிக்கத் தொடங்கினார். 1858 முதல் லண்டன் பல்கலைக்கழகம், எங்கே படித்தவராயினும் தன் தேர்வை எழுதிப் பட்டம் பெறலாம் என வழி திறந்தது. பின்னாளில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருந்த பலர் இவ்வழியே பட்டதாரிகளாயினர்.

மூன்றாவது தடை, முன்பே பெற்றிருக்க வேண்டிய சான்றிதழ். 1969-இல் நிறுவப்பட்டு 1971-இல் பாடம் தொடங்கிய பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம், முன் தகுதி கேட்காமலே மாணவர்களைச் சேர்த்தது. வானொலியும் தொலைக்காட்சியும் அதற்கு வகுப்பறைகளாயின.

நம் நாடும் பின்தங்கவில்லை. அதே 1971-இல் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் வேலை செய்வோருக்கான வெளிவளாகப் படிப்பைத் தொடங்கியது. 2000-இல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2006-இல் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின.

வணிகப் படிப்பின் கதையும் இப்படியே. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1908-இல் எம்.பி.ஏ. படிப்பைத் தொடங்கியபோது, வேலையை விட்டு வந்தே படிக்க வேண்டியிருந்தது. 1943-இல் சிகாகோ பல்கலைக்கழகம், பணியில் இருப்போருக்கென்றே அதனை அமைத்தது.

சரி, பட்டம் பெற்றவன் மேலும் ஏன் படிக்க வேண்டும்? 2014-இல் கணக்கியல் படித்து முடித்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். 2015 ஏப்ரல் 1-இல் ஜி.எஸ்.டி. எனும் பொருள் சேவை வரி வந்தது. 2017 ஜனவரி 31-இல் புதிய நிறுவனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2018 செப்டம்பர் 1-இல் மீண்டும் விற்பனை வரியும் சேவை வரியும் வந்தன. நான்கே ஆண்டுகளில் அவர் கற்ற பாடத்தில் எத்தனை மாற்றம்! படிப்பைத் தொடராதவர், பட்டம் இருந்தும் பின்னால் நிற்க நேரிடும்.

ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டலாகாது. அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றதா என முதலில் பார்க்க வேண்டும். ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்க வழியுண்டு. ஆனால் அது முதுமைக்கான சேமிப்பு என்பதையும் மறக்கலாகாது.

நேயர்களே, மூன்று தடைகளையும் முன்னோர் ஒவ்வொன்றாகத் தளர்த்தினர். வீட்டுக்குள் இருக்கும் தடையை நாமே நீக்க வேண்டும். வேலை முடிந்து களைத்து வரும் மகனோ, மகளோ, மருமகளோ புத்தகத்தை எடுத்தால், அந்த ஒரு மணி நேரத்திற்கு வேறு வேலை சொல்லாதிருப்போம். மருமகளின் சமையலறை வேலையை அன்று வீட்டில் உள்ள மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வோம். தொலைக்காட்சியின் ஒலியையும் சற்றுக் குறைப்போம்.