கொண்ட எண்ணும் கண்ட எண்ணும்

அறியாத எண்ணுக்கு ஓர் எழுத்தைப் பெயராக இட்டு, அறிந்த எண்களைப்போலவே அதனையும் கூட்டிக் கழித்து, சமீகரணத்தின் ஒரு பக்கத்திலே தனித்து நிற்கச் செய்யும் முறை இன்று பள்ளிச் சிறுவர்க்கும் கைவந்ததாயினும், அவ்வெழுத்து பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே மனிதர் அத்தகைய கணக்குகளைப் பிழையின்றித் தீர்த்துவந்தனர் என்பதை நம் மாணவர்கள் அவசியம் அறிய வேண்டும்.

கி.மு. 1550ஐ ஒட்டி ஆமோஸ் என்னும் எகிப்திய எழுத்தர் தமக்கு முந்தைய ஏடொன்றைப் பார்த்துப் படியெடுத்த பாப்பிரஸ் சுருளை, 1858இல் லக்ஸர் நகரிலே ரைண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் விலைக்கு வாங்கினார். அதன் 24ஆம் கணக்கு இது: ஓர் எண்ணும் அதன் ஏழிலொரு பங்கும் சேர்ந்து 19 ஆகுமாயின், அவ்வெண் யாது? ஆமோஸ் அதனை 7 என்று கொள்கிறார். ஏழிலொரு பங்காகிய 1 சேர, கிடைப்பது 8, வேண்டுவதோ 19. எட்டை இரண்டே காலே அரைக்கால் மடங்காக்கினால் பத்தொன்பது வருமாதலின், கொண்ட ஏழையும் அம்மடங்காக்கிப் பதினாறரையே அரைக்கால் என்று விடை காண்கிறார். பின்னத்தின் தொல்லை முதலடியிலேயே நீங்குமாறு ஏழைத் தேர்ந்த விவேகம் என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

இதே யுக்தியை, கி.பி. 1150இல் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதியில் இஷ்டகர்மம் என்ற பெயரால் காண்கிறோம். தாமரை மலர்க் குவியலொன்றில் மூன்றிலொரு பங்கு சிவனுக்கும், ஐந்திலொரு பங்கு திருமாலுக்கும், ஆறிலொரு பங்கு சூரியனுக்கும், நான்கிலொரு பங்கு தேவிக்கும் அர்ச்சிக்கப்பெற, எஞ்சிய 6 மலர்கள் குருவின் பாதங்களுக்கு ஆயின என்பது அதிலுள்ள அழகிய கணக்கு. மலர்கள் 60 என்று கொண்டால் எஞ்சுவன 3. எஞ்ச வேண்டியன அதன் இருமடங்காதலால் மலர்கள் 120.

எனினும் இம்முறைக்கு எல்லையுண்டு. ஒருவனிடம் 6 குதிரைகளும் 300 பணமும் உள்ளன. மற்றவனிடம் 10 குதிரைகள் உள்ளன, ஆனால் 100 பணம் கடன். குதிரைகள் யாவும் ஒரே விலையின, இருவர் செல்வமும் சமம் என்று அதே ஆசாரியர் தம் பீஜகணிதத்தில் ஒரு கணக்கை அமைக்கிறார். இங்கே குதிரையின் விலையை 10 என்று கொண்டால் முன்னவன் செல்வம் 360; விலையை இரட்டித்து 20 என்றால் அது 420 ஆகிறதேயன்றி 720 ஆவதில்லை. விலையோடு சேர்ந்து வளராத ரொக்கமும் கடனும் நடுவே நிற்பதால், மடங்கினால் திருத்தும் வழி அடைபட்டுப் போகிறது.

அவ்வடைப்பை நீக்கும் விதியை ஆரியபடர் 499ஆம் ஆண்டிலேயே தம் நூலின் ஒரே சுலோகத்தில் அடக்கியிருந்தார்: இருவர் கைப்பணத்தின் வித்தியாசத்தை, விலை தெரியாத பொருள்களின் எண்ணிக்கை வித்தியாசத்தால் வகுக்க, பொருளொன்றின் விலை கிடைக்கும். கடனையும் எண்ணாகவே மதித்து, தனத்தோடும் ருணத்தோடும் அதனைக் கூட்டவும் கழிக்கவும் வேண்டிய விதிகளை 628இல் பிரம்மகுப்தர் தெளிவாக வகுத்துத் தந்தார். அவர் செய்த இவ்வுபகாரம் இல்லையேல், குதிரைக் கணக்கில் அச்சுலோகத்தைத் தயக்கமின்றிப் பிரயோகிக்க இயலாது என்றே கருதுகிறேன்.

இவ்விரண்டையும் கைக்கொண்ட பாஸ்கரர் அறியாத விலைக்கு 'யா' என்று குறியிட்டு, கடன் எண்ணின் தலைமேல் ஒரு புள்ளி வைத்து, இரு பக்கங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுகிறார். 300 பணத்துக்கும் 100 கடனுக்கும் இடையே உள்ள தூரம் 400. குதிரைகளின் வித்தியாசம் 4. ஆகவே குதிரையின் விலை 100, இருவர் செல்வமும் தனித்தனியே 900.