முந்த்ரா விவகாரம்

முந்த்ரா விவகாரம் என்பது, இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) 1957ஆம் ஆண்டில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா தொழிலதிபரின் நிறுவனங்களில் செய்த முதலீட்டைச் சுற்றி எழுந்த முறைகேட்டுப் புகார் ஆகும். ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தி மக்களவையில் எழுப்பிய இப்பிரச்சினை, நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகுவதில் முடிந்தது.

பின்னணி

ரேபரேலித் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி, 1955 டிசம்பரிலேயே தனியார் காப்பீட்டு நிறுவனங்களில் நடந்த பண முறைகேடுகளை அவையில் அம்பலப்படுத்தியிருந்தார். 1956 ஜனவரியில் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாக்கப்பட்டது. 245 நிறுவனங்களை ஒன்றிணைத்து, அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. தொடங்கப்பட்டது.

1957 ஜூனில் எல்.ஐ.சி., ஜெஸ்ஸப், ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் உள்ளிட்ட முந்த்ராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளைச் சுமார் 1.25 கோடி ரூபாய்க்கு வாங்கியது. முந்த்ரா அப்போது கடும் பண நெருக்கடியில் இருந்தார். கழகத்தின் முதலீட்டுக் குழுவைக் கலந்தாலோசிக்காமலேயே பேரம் முடிக்கப்பட்டது.

மக்களவையில்

முதலில் இது கேள்வி நேரத்தில்தான் எழுந்தது. அமைச்சகம் பிடிகொடுக்காமல் பதிலளித்தது. 1957 டிசம்பர் 16 அன்று நடந்த விவாதத்தில் பெரோஸ் காந்தி ஆவண ஆதாரங்களுடன் பேசினார். பாலிசிதாரர்களின் பணம் யாருடைய நலனுக்காக, யார் சொல்லி முதலீடு செய்யப்பட்டது என்பதே அவர் வாதத்தின் மையம். நாடாளுமன்றம் உருவாக்கிய நிறுவனத்தைக் கண்காணிக்கும் பொறுப்பும் நாடாளுமன்றத்துக்கே உண்டு என்று அவர் வலியுறுத்தினார். அரசு விசாரணைக்கு இணங்கியது.

சாக்ளா ஆணையம்

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா ஒருநபர் ஆணையமாக நியமிக்கப்பட்டார். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. கூட்டம் அலைமோதியதால் அரங்குக்கு வெளியே ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. ஆணையம் சில வாரங்களிலேயே பணியை முடித்து, 1958 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. அதிகாரிகள் செய்ததற்குத் தாம் பொறுப்பல்ல என்ற நிதியமைச்சரின் வாதத்தைச் சாக்ளா ஏற்கவில்லை. துறைச் செயலரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்று அவர் முடிவு கூறினார்.

விளைவுகள்

சென்னையிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த கிருஷ்ணமாச்சாரி அந்த மாதமே பதவி விலகினார். நிதித்துறையை நேருவே ஏற்று, 1958ஆம் ஆண்டு பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். முந்த்ரா சிறை சென்றார். கிருஷ்ணமாச்சாரி 1963இல் மீண்டும் நிதியமைச்சரானார்.

அவை நடவடிக்கைகளை உண்மையாக வெளியிடும் பத்திரிகைகள் மீது வழக்குத் தொடுக்க முடியாதவாறு பாதுகாப்பளித்த 1956ஆம் ஆண்டுச் சட்டமும் பெரோஸ் காந்தி தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்ததே. நெருக்கடி நிலையின்போது நீக்கப்பட்ட அச்சட்டம் 1977இல் மீண்டும் இயற்றப்பட்டது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் அந்தப் பாதுகாப்பை அரசியலமைப்பின் 361அ பிரிவாகவே சேர்த்தது.