ஓர் அங்குலச் சிப்பாய்கள்

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கத்திலிருந்து தொலைபேசி வந்தபோது, "உத்தியோகத்தைப் பற்றி வேண்டாம், அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். வேறு ஏதாவது எழுதப்பா" என்றார்கள். வேறு என்று எனக்கு இருப்பது ஒன்றே ஒன்றுதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு, ஓர் அங்குல உயரமுள்ள சிப்பாய் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறேன். என் அம்மா முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இன்ஜினீயரிங் படிச்சிட்டு இதையா செய்யறே? இதுக்குக் கூலி யாருடா தர்றாங்க?" என்று கேட்டார்.

சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க, அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி என்று புரிந்தது. இந்த வேலைக்கு ஒரு காலத்தில் உண்மையாகவே கூலி கொடுத்தார்கள். அந்தக் கூலி மிகக் குறைவு. அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

நூரம்பர்க் தகரச் சிப்பாய்கள்

முதலாண்டு ஃபவுண்டரி வகுப்பை யாரும் மறந்திருக்க முடியாது. மேல் பெட்டி, கீழ்ப் பெட்டி, மணலை இடித்து இடித்துக் கை வீங்கியது, கடைசியில் அச்சைப் பிரித்தால் பாதி மணல் சரிந்து கிடந்தது! ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்துக் கைவினைஞர்கள் மணலை நம்பவில்லை. மெல்லிய ஸ்லேட் கல் இரண்டை எடுத்து, ஒன்றில் பொம்மையின் முன்பக்கத்தையும் மற்றொன்றில் பின்பக்கத்தையும் குழிவாகச் செதுக்கினார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, உருக்கிய வெள்ளீயமும் காரீயமும் கலந்த கலவையை மேலே இருந்து ஊற்றினார்கள். அட்டை போலத் தட்டையான சிப்பாய் வெளியே வந்தான். 1770-களில் ஹில்பெர்ட் என்பவரின் பட்டறை பிரஷ்யப் படைவீரர்களை இப்படி வார்த்து விற்றுப் பேர் வாங்கியது. 1839-இல் தொடங்கிய ஹைன்ரிக்சன் நிறுவனம் சிப்பாய்களை ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் உயரத்தில் செய்தது. பின்னால் அதுவே நூரம்பர்க் அளவு என்று நிலைத்தது. தரப்படுத்துதல் பற்றி நாம் பாடத்தில் படிப்பதற்கு, பொம்மை உலகம் தந்த பழைய உதாரணம் இது.

ஆண்டர்சன் 1838-இல் எழுதிய தகரச் சிப்பாய் கதை பலருக்கும் நினைவிருக்கும். ஒரே பழைய கரண்டியை உருக்கி 25 சிப்பாய்கள் வார்க்கிறார்கள். கடைசிச் சிப்பாய்க்கு உலோகம் போதாமல் ஒரு கால் இல்லாமல் போகிறது. நம் ஃபவுண்டரி இன்ஸ்ட்ரக்டர் பார்த்திருந்தால் கதையாவது ஒன்றாவது, "ரிஜெக்ட்" என்று தூக்கிப் போட்டிருப்பார்.

வார்ப்பது பட்டறையில் நடந்தது. வர்ணம் பூசுவது வீடுகளில் நடந்தது. பொம்மைகளை மொத்தமாக வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். ஒருவர் சட்டைக்குச் சிவப்பு, இன்னொருவர் காலணிக்குக் கறுப்பு என்று குடும்பமே உட்கார்ந்து பூசும். எண்ணிக்கைக்குத்தான் கூலி. கோவில்பட்டி, சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்த நம் நண்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டிய கைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

ஈயத்தைத் திருப்பிக் கொட்டிய தந்திரம்

1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் ஒரு காரியம் செய்தார்கள். உருக்கிய ஈயக் கலவையை உலோக அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் இறுகியவுடன் நடுவில் இன்னும் திரவமாக இருப்பதைத் திருப்பிக் கொட்டிவிட்டார்கள். உள்ளே வெற்றிடம், வெளியே முழு உருவம். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. கெட்டியாக வார்த்து அனுப்பிய ஜெர்மானியர்களால் அந்த விலைக்குப் போட்டி போட முடியவில்லை. 54 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய்கள் சிவப்புப் பெட்டியில் பிரிட்டிஷ் வீடுகளுக்குள் படையெடுத்தார்கள்.

அந்த நிறுவனத்தின் ஆரம்ப காலப் பட்டியலில் நம் ஊரும் இருக்கிறது. மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி என்று ஒரு காலாட்படைப் பெட்டி, மெட்ராஸ் லான்சர்ஸ் என்று குதிரைப்படை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில், லண்டன் பையன் ஒருவன் தன் வீட்டுத் தரையில் மதராஸ் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி விளையாடியிருப்பான். அந்தச் சிப்பாயின் முகத்துக்குப் பழுப்பு நிறம் பூசியது, மதராஸ்காரன் ஒருவனையும் வாழ்நாளில் பார்த்திராத ஒரு லண்டன் பெண்ணாக இருந்திருக்கலாம். பிரிட்டன் நிறுவனமும் வீட்டில் இருந்து பூசும் பெண்களிடம் வேலை கொடுத்து வந்ததுதான். முகத்துக்கு ஒரே பூச்சு, அடுத்த பொம்மை. அவளைக் குறை சொல்ல முடியாது.

கூலி வேலை ஆசை வேலையான கதை

பெரியவர்கள் இந்தப் பொம்மைகளைக் கையில் எடுக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. 1913-இல் நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் "லிட்டில் வார்ஸ்" என்ற புத்தகத்தில், பொம்மைச் சிப்பாய்களையும் ஸ்பிரிங் பீரங்கியையும் வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் எழுதினார். 1935-இல் பிரிட்டிஷ் மாடல் சோல்ஜர் சொசைட்டி உருவானது. அதன் உறுப்பினர்கள் கடைப் பொம்மையின் ஒரே பூச்சு போதாதென்று, சீருடைப் புத்தகங்களைப் பார்த்துத் தாங்களே திருத்திப் பூசத் தொடங்கினார்கள். எண்ணிக்கைக்குப் பூசியவன் போய், ஒன்றையே ஒரு மாதம் பூசுகிறவன் வந்தது இங்கேதான்.

1959-இல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி பெட்டி பெட்டியாக பிளாஸ்டிக் சிப்பாய்களை விற்கத் தொடங்கியது. வர்ணம் பூசாமலே விற்றதால் விலை மலிவு. வாங்கியவன் தானே பூசிக்கொள்ள வேண்டும்! ஒரு தலைமுறைப் பையன்கள் தூரிகை பிடிக்கக் கற்றது இதனால்தான். ஈயம் குழந்தைகளுக்கு ஆகாது என்ற விழிப்பும் வந்தது. 1966-இல் பிரிட்டன் நிறுவனம் ஈயப் பொம்மையை நிறுத்தியது.

பிறகு 1974-இல் அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு வந்தது. சிப்பாய்களோடு பூதம், மந்திரவாதி, டிராகன் எல்லாம் மேஜைக்கு வந்தன. இங்கிலாந்தில் கேம்ஸ் வொர்க்ஷாப் என்ற கம்பெனி 1983-இல் வார்ஹாமரையும் 1987-இல் வார்ஹாமர் 40,000 விளையாட்டையும் வெளியிட்டது. அதே 1987-இல் கோல்டன் டீமன் என்ற வர்ணப் போட்டியையும் தொடங்கியது. அதன் முதல் பரிசு நிஜமான ஒரு பெரிய வாள். ஓர் அங்குலப் பொம்மைக்கு ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கத்தி! அந்தக் கம்பெனியின் தலைமையகம் நாட்டிங்காம் நகரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிப் பொம்மை வார்க்கும் சிறு கம்பெனிகள் பல முளைத்ததால், அந்த வட்டாரத்துக்கே "லெட் பெல்ட்" என்று செல்லப் பெயர்.

வார்க்கும் முறையும் மாறிக்கொண்டே வந்தது. சுழலும் ரப்பர் அச்சில் மையவிலக்கு விசையால் உலோகம் பாய்ச்சினார்கள். பிறகு பிளாஸ்டிக் இன்ஜெக்ஷன் மோல்டிங். துண்டு துண்டாகப் பொம்மை ஒட்டியிருக்கும் சட்டத்தை இந்த உலகத்தில் எல்லோரும் "ஸ்ப்ரூ" என்பார்கள். உண்மையில் அதில் பெரும்பகுதி ரன்னர். ஒரு தடவை இதை எடுத்துச் சொல்லி நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்டேன். இப்போது ரெசின் 3டி பிரிண்டர் வீட்டுக்கே வந்துவிட்டது. 50 மைக்ரான் கனத்தில் அடுக்கடுக்காகப் பொம்மை வளர்கிறது. ஆனால் பூசும் வேலை மட்டும் மாறவில்லை. அதே தூரிகை, அதே கண், அதே கை நடுக்கம்.

விளக்கடியில் கொஞ்சம் இயற்பியல்

"சும்மா சிவப்பு பூசினால் சிவப்புச் சட்டைதானே? ஏன் ஒரு சட்டைக்கு ஐந்து சிவப்பு?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. 28 மில்லிமீட்டர் பொம்மையை அரை மீட்டர் தூரத்தில் பிடித்துப் பார்ப்பது, ஏறக்குறைய 30 மீட்டர் தூரத்தில் நிற்கும் நிஜ ஆளைப் பார்ப்பதற்குச் சமம். ஆனால் ஆள் வெயிலில் நிற்கிறான், மடிப்பின் நிழல் கறுப்பாக விழுகிறது. பொம்மைக்கோ, நம் மேஜை விளக்கு அதன் அளவுக்குப் பல மீட்டர் அகலமான ஒளிக்கூரை. நிழலெல்லாம் கரைந்து போகிறது. ஆகவே வெளிச்சத்தையும் நிழலையும் நாமேதான் வர்ணத்தால் எழுத வேண்டும். பள்ளத்தில் நீர்த்த கருவர்ணம் ஓடவிட வேண்டும். மேட்டில் படிப்படியாக வெளிறச் செய்ய வேண்டும். வர்ணம் காயாமல் இருக்க, டிபன் டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு போட்டு அதன்மேல் பேக்கிங் பேப்பர் விரித்தால் போதும். அதுவே தட்டு.

முடித்ததைவிட முடிக்காததுதான் எல்லோரிடமும் அதிகம். அலமாரியில் பூசாமல் குவிந்து கிடப்பதற்கு அவரவர் ஊரில் அவரவர் கிண்டல் பெயர் உண்டு. நான் "அரியர்ஸ்" என்கிறேன். ஒரு செமஸ்டரில் இரண்டு எழுதி முடித்தால், அடுத்ததில் நாலு சேரும். நம்மில் சிலருக்கு அனுபவம் இருக்கும்!

கண்காட்சியில் ஒரு பழைய பெட்டி

அலுவலக வேலையாக இரண்டு வருஷம் இங்கிலாந்தில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கண்காட்சிகளுக்குப் போவேன். பெரியவை உண்டு. 1972-இல் தொடங்கிய லண்டன் "சல்யூட்" அதில் ஒன்று. எனக்குப் பிடித்தவை சிற்றூர் அரங்குகளில் நடப்பவை. போட்டி மேஜையில் பொம்மைகள், பக்கத்தில் தேநீர், கேக். சில இடங்களில் பரிசு முறையே வேறு. சிகாகோ கண்காட்சி வழியாக ஷெப் பெயின் (1946–2015) பரவச் செய்த முறை அது. ஒருவனை இன்னொருவனோடு ஒப்பிடுவதில்லை. தரம் எட்டினால் பத்துப் பேருக்கும் தங்கப் பதக்கம், எட்டாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. ரேங்க் பட்டியலைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அது ஜீரணமாகக் கொஞ்ச நாள் ஆயிற்று.

அப்படி ஒரு கண்காட்சியின் பழைய பொருள் மேஜையில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே எட்டு மதராஸ் சிப்பாய்கள், உலோகத்தில் வார்த்தவர்கள். சிவப்புச் சட்டை, குறுக்கு வார், துப்பாக்கி, பித்தளைப் பொத்தான் வரை ஒழுங்காகப் பூசி முடித்திருந்தது. எட்டு முகமும் மட்டும் வெறும் சாம்பல் பிரைமர். மேஜையில் இருந்த அம்மாள், "அப்பாவுடையது. போன வருஷம் காலமாகிவிட்டார். முகத்துக்குச் சரியான நிறம் வரவில்லை என்று பூசிப் பூசித் துடைத்துக்கொண்டே இருந்தார்" என்றார். என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு விலையைப் பாதியாகக் குறைத்தார்.

ஊருக்கு வந்து பூச உட்கார்ந்தேன். "சதை நிறம்" என்று அச்சடித்து விற்ற என் பழைய பாட்டிலைத் திறந்தால் ரோஜா நிறம். யார் சதை அது? பழுப்பு நிற வரிசைகள் இப்போது தனியாகக் கிடைக்கின்றன. ஆனால் நானே கலந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். வெள்ளையைக் கலந்து வெளிறச் செய்தால் முகம் சாம்பல் பூத்துவிட்டது. காவி மஞ்சள் கலந்ததும் உயிர் வந்தது. அடிப்பூச்சில் துளி சிவப்பு வேண்டும். விளக்கடியில் என் மணிக்கட்டை வைத்து ஒப்பிட்டேன். முதல் சிப்பாய் அப்படித்தான் முடிந்தான்.

இரண்டாவதுக்கு அதே கலவையை எடுத்தபோது கை நின்றது. எட்டுப் பேருக்கும் ஒரே நிறமா? அந்த லண்டன் பெண் செய்ததையே நானும் செய்வதற்கு, இத்தனை வருஷ வரலாறு எதற்கு? எங்கள் விடுதி வராந்தாவில் நான் உட்பட எட்டுப் பேர் இருந்தோம். தூத்துக்குடி உப்பளத்து வெயிலில் வளர்ந்தவன் ஒரு நிறம், ஊட்டியிலிருந்து வந்தவன் ஒரு நிறம், கிரிக்கெட் ஆடியே கறுத்த மெஸ் செக்ரட்டரி ஒரு நிறம். பழைய போட்டோவில் நிறம் ஏமாற்றும். நினைவில் இருந்துதான் கலந்தேன். ஏழு பேர் முடிந்தார்கள்.

எட்டாவது முகம் இன்னும் சாம்பலாகவே இருக்கிறது. கடைசித் தேர்வு முடிந்து பெட்டியோடு ஆட்டோ ஏறியவன், அதற்குப் பிறகு எங்கள் ஒருவர் தொடர்பிலும் இல்லை. அவன் சிரிப்பு நினைவிருக்கிறது. நிறம் சரியாக நினைவில்லை. மூன்று முறை பூசித் துடைத்துவிட்டேன். அந்த ஆங்கிலேயப் பெரியவர் ஏன் துடைத்துக்கொண்டே இருந்தார் என்று இப்போது தெரிகிறது.

இந்தச் சந்திப்புக்குப் பெட்டியோடு வருகிறேன், தூரிகையும் கலவைத் தட்டும் பையில் இருக்கும். மாணவத் தம்பி தங்கைகள் யாருக்காவது கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் தாராளமாக வரலாம், கூலி கிடையாது. எட்டாவது ஆள் எங்கே இருந்து இதைப் படித்தாலும் சரி, கிளம்பி வாடா. உன் கையை விளக்கடியில் ஒரு நிமிஷம் நீட்டினால் போதும், உன் முகத்தை முடித்துவிடுவேன்.